செம்பனைத் தோட்டத்தில் பூச்செடி வரிசை: பைப்புழுவுக்கு எதிரி வளர்ப்பது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு உலாட் புங்குஸ் யாரென்று சொல்லத் தேவையில்லை. மட்டை தீய்ந்தாற்போல நிற்கும். இலைத்துண்டு ஒட்டிய சிறு பைக்குள் புழு தொங்கும். 2013-இல் அரசாங்கம் இந்தப் பைப்புழுவை ஆபத்தான பூச்சி என்று அரசிதழில் அறிவித்தது. கண்டதும் மருந்து டேங்கைத் தூக்குகிறோம். 1960-களில் இங்குள்ள தோட்டங்களில் டீல்ட்ரின், எண்ட்ரின் என்ற பூச்சிமருந்துகளை அடித்தபோது புழு குறையவில்லை, பெருகியது. பை புழுவைக் காத்தது. புழுவுக்குள் முட்டையிடும் சிறு குளவிதான் செத்தது.

அந்தக் குளவிக்குத் தேன் வேண்டும். செம்பனைக்கு அடியில் பூவே இல்லையென்றால் பசியில் சீக்கிரம் செத்துவிடும், முட்டையிட நாள் இருக்காது. பூச்செடி வைப்பதற்குக் காரணம் இதுதான், அழகு இலவசம்.

மூன்று செடி போதும். முதலில் புங்கா புக்குல் லாப்பான் என்கிற எட்டு மணிப் பூ. காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும், ஆனால் இலைக்காம்பிலும் தேன் சுரப்பதால் பூ மூடிய பிறகும் குளவிக்குத் தீனி உண்டு. இரண்டாவது காசியா கோபானென்சிஸ், மஞ்சள் பூ பூக்கும் புதர். மூன்றாவது கொடிரோஜா. இதற்கு மட்டும் வேலி கட்டிக் கொடுங்கள். விட்டால் செம்பனை மேலேயே ஏறி மட்டையை மூடும்.

எட்டு மணிப் பூவை 15 சென்டிமீட்டர் குச்சியாக வெட்டி, அடியிலை கிள்ளி, பாலிபேக்கில் நிழலில் நட்டு வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வயலுக்குத் தயார். காசியா விதையின் தோல் கெட்டி. வெந்நீரில் போட்டு ஆறவிட்டு ஓர் இரவு ஊறவைத்த பிறகு விதையுங்கள். அக்டோபர், நவம்பர் மழை தொடங்கும்போது நடுவது நல்லது. தண்ணீர் தேங்கும் களிமண் நிலமாக இருந்தால் 15 சென்டிமீட்டர் மேடு கட்டுங்கள்.

இடம்தான் முக்கியம். வளர்ந்த செம்பனைக்கு நடுவே நட்டால் நிழலில் நோஞ்சானாகி, பூக்காமலே நிற்கும். பலர் தோற்பது இங்கேதான். லோரி போகும் சாலையோரம், பாரிட் (வடிகால்) கரை, தோட்ட எல்லை என்று வெயில் விழும் இடங்களைப் பிடியுங்கள். இரண்டு வரிசை, செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர், மாற்றி மாற்றி. 100 மீட்டருக்கு ஏறக்குறைய 330 நாற்று ஆகும். கூடவே 30 நாற்று எடுத்து வையுங்கள், மாடு மிதிக்கும்.

அடுத்த எதிரி களைக்கொல்லி அடிப்பவர். நட்டதை அவருக்குச் சொல்லாவிட்டால் ஒரே நாளில் எல்லாம் கருகிவிடும். வரிசையின் இரு முனையிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். மரத்தைச் சுற்றி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வட்டமும், குலை சுமக்கும் பாதையும் சுத்தமாக இருந்தால் போதும். லாலாங் புல், மிக்கானியா கொடி இரண்டையும் ஒழியுங்கள்; பன்னத்தை (பெரணியை) விட்டுவையுங்கள், புழுவைக் குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி அங்கே தங்கும். கட்டாந்தரையாக்கி வைத்திருப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

பூ வைத்ததும் புழு மறையாது. மாதம் ஒரு முறை எண்ணுங்கள்: பத்து வரிசைக்கு ஒரு வரிசை, அதில் பத்தாவது மரம், நடுமட்டை ஒன்று. மட்டைக்குப் பத்து உயிர்ப்புழுவைத் தாண்டினால் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து, அதுவும் புழு சின்னதாக இருக்கும்போது. பெரிய புழுவுக்கு அது பெரும்பாலும் பலிக்காது. கண்டதையெல்லாம் கொல்லும் மருந்து அடித்தால் குளவியோடு, 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த மகரந்த வண்டும் போகும். பிறகு குலை பொட்டாகும்.

இதே வழியில் எலிக்குக் கூகை. கூகை அலறினால் சாவு என்று பாட்டிமார் சொல்வதை ஒதுக்கிவிட்டு, 10 ஹெக்டேருக்கு ஒரு பெட்டியைக் கம்பத்தில் நான்கைந்து மீட்டர் உயரத்தில் வையுங்கள். வாய் பிற்பகல் வெயிலைப் பார்க்கக் கூடாது. புரோடிஃபாக்கோம் எலிமருந்தைக் கலக்காதீர்கள்; மருந்து தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

ஆற்றோரத்தில் விடவேண்டிய ஒதுக்கு நிலத்துக்கு நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் அளவையே பிடியுங்கள்: ஆற்றின் அகலம் 5 மீட்டருக்குக் குறைவானால் கரையில் 5 மீட்டர், 5 முதல் 10 வரை 10 மீட்டர், 10 முதல் 20 வரை 20, 20 முதல் 40 வரை 40, அதற்கு மேல் 50. அந்த இடத்தில் உரமும் மருந்தும் இல்லை. மறுநடவின்போது அங்கிருந்த செம்பனையைத் திரும்ப நடாமல் புங்கோர் மரம் நடுங்கள். பழைய மரத்தை இப்போதே சாய்த்தால் கரை இடிந்து ஆற்றில் விழும்.