குளோரின் டப்பாவைத் திறக்கும் முன்

எங்கள் நீச்சல் குளத்திலிருந்து ஏறிய மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டே நின்றான். கண் சிவந்திருந்தது, தண்ணீரில் குளோரின் வாடையும் தூக்கலாக அடித்தது. குளோரின் கூடிவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் போடாமல் விட்டேன். வாடை இன்னும் அதிகமானது.

அந்த வாடை நல்ல குளோரினுடையது இல்லை. வியர்வை, சிறுநீர் போன்றவற்றோடு கலந்து உருவாகும் குளோரமினின் வாடை அது. அதாவது போட்ட குளோரின் போதவில்லை. மூக்கையும் கண்ணையும் நம்பி எதையும் கொட்டக் கூடாது என்று அன்று புரிந்தது. இப்போது வாரம் இரண்டு முறையாவது சோதிக்காமல் விடுவதில்லை.

முதலில் உங்கள் குளம் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். எங்களுடையது 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் 40,000 லிட்டர். இனி சொல்லும் அளவெல்லாம் இந்தக் குளத்துக்கானவை.

சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலாக மொண்டு எடுக்காதீர்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் திரும்பி வரும் குழாய்க்கு எட்ட நின்று, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து முழங்கை வரை இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். நிறத்தை நிழலில், வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் வைத்துப் பாருங்கள். கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள்.

என்னை ஏமாற்றிய ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். சோதனைக் குழாயில் டிபிடி மாத்திரையைப் போட்டேன்; தண்ணீரில் குளோரின் இருந்தால் ரோஜா நிறம் காட்டும் மாத்திரை அது. குழாயில் ஒரு நொடி ரோஜா நிறம் மின்னி, அப்படியே வெளுத்துப்போனது. நிறமே இல்லை, அப்படியானால் குளோரினும் இல்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஊற்றினேன். நடந்தது நேர்மாறு: குளோரின் அளவுக்கு மீறி இருந்ததால் அந்த நிறத்தையே வெளுத்துவிட்டது. மாத்திரை கரையும்போது குழாயை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். நிறம் வந்து மறைந்தால், காய்ச்சி வடித்த நீரைச் சம அளவு கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் பிஎச் சோதனையும், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று பார்க்கும் சோதனையும், தவறான நிறம் காட்டும்.

சரி, எண்கள் கைக்கு வந்துவிட்டன. சரிசெய்வதில் வரிசை முக்கியம்: முதலில் காரத்தன்மை, அப்புறம் பிஎச், கடைசியில் குளோரின்.

மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கட்டும். அது குறைந்தால் பிஎச் ஓரிடத்தில் நிற்காது. சமையல் சோடா போதும். 40,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற ஏறத்தாழ 700 கிராம் பிடிக்கும்.

பிஎச் 7.2 முதல் 7.8 வரை. நான் 7.4 பக்கம் வைக்கிறேன். காரணம், 7.5இல் கிருமியை வேகமாகக் கொல்லும் வடிவில் இருப்பது குளோரினில் பாதிதான். 8 ஆனால் அது கால்வாசிக்கும் கீழே போய்விடும். பிஎச்சைக் கவனிக்காமல் குளோரினைக் கொட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். பிஎச் ஏறியிருந்தால் குளத்துக்கான அமிலத்தைப் போடுங்கள். டப்பாவில் சொன்ன அளவில் பாதியை ஊற்றி, நான்கு மணி நேரம் பம்பை ஓட்டி, மறுபடி சோதித்துப் பாருங்கள்.

தனிக் குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் இன்னும் வேலை செய்யக்கூடிய குளோரின், 2 முதல் 3 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. 10 சதவீதத் திரவக் குளோரின் என்றால் 400 மில்லி ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் சாயங்காலம் ஊற்றுங்கள். மொத்தக் குளோரினிலிருந்து தனிக் குளோரினைக் கழித்தால் வருவதுதான் வாடை தருகிற பங்கு. அது 0.5ஐத் தாண்டினால் அதைப் போல் பத்து மடங்கு குளோரினை ஒரே தடவையில் கொடுத்து எரித்துவிட வேண்டும். அளவு இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது.

மெதுவாகக் கரையும் டிரைகுளோர் மாத்திரை போடுகிறவர்கள் சயனூரிக் அமிலத்தையும் பாருங்கள். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது அதுதான். 30 முதல் 50 பிபிஎம் போதும். அதற்கு மேல் ஏறினால் குளோரின் மந்தமாகிவிடும். பாதித் தண்ணீரை மாற்றினால் அது பாதியாகும், ஊற்றிக் குறைக்க மருந்து தேடாதீர்கள்.

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். வாளியில் முதலில் தண்ணீர், பிறகே அமிலம். அமிலமும் குளோரினும் ஒரே வாளியை, ஒரே அலமாரியைப் பார்க்கவே கூடாது; கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இருவகைக் குளோரினை ஒன்றாகக் கலந்தாலும் தீப்பிடிக்கலாம்.

பம்ப் அறையில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, எண்கள், என்ன போட்டேன், மழை பெய்ததா, எத்தனை பேர் குளித்தார்கள், எல்லாம் அதில் உண்டு. மகன் இறங்குவதற்கு முன் அவனே கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் போகிறான்.