மோட்டார் ரூம் கதவுக்கு ஒரு மோடு, மோட்டாருக்கு வேறு மோடு

போச்சம்பள்ளியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டாரின் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வந்து நிற்கும் விவசாயியின் முகத்தைப் பார்க்கவே முடியாது. அதனால்தான் மாமாவின் மாந்தோப்பில் மோட்டார் ரூம் தகரக் கதவில் ஒரு அசைவு சென்சாரை ஒட்டினேன். எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் தயாரிக்கும் எல்ஐஎஸ்3டிஎச். அப்புறம் பேரிங் தேய்வதை முன்கூட்டியே பிடிக்கலாம் என்று இன்னொன்றை மோட்டார் மேலேயே வைத்தேன்.

இதில் மூன்று மோடு உண்டு: லோ பவர் 8 பிட், நார்மல் 10 பிட், ஹை ரெசல்யூஷன் 12 பிட். 2 ஜி (ஜி என்பது புவியீர்ப்பின் அளவு) அளவில் வைத்தால் ஒரு படி, அதாவது அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவு, முறையே 16, 4, 1 மில்லி ஜி.

கதவிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: ஆடியதா, இல்லையா? அதற்கு லோ பவர் போதும், நொடிக்கு 10 தடவை பார்த்தால் போதும். சென்சாருக்குள் அமைப்புகளை எழுதும் இடமான கன்ட்ரோல் ரிஜிஸ்டர் 1-ல் 00101111 என்று எழுதுங்கள், ரிஜிஸ்டர் 4-ஐ சுழியாக விடுங்கள். சென்சார் எடுப்பது 3 மைக்ரோஆம்பியர். இதையே ஹை ரெசல்யூஷனில் 100 ஹெர்ட்ஸுக்கு வைத்தால் 20.

ஆனால் அதற்கு முன் சென்சாரும் கன்ட்ரோலர் சிப்பும் உட்காரும் போர்டைக் கவனியுங்கள். எப்போதும் எரியும் சின்ன எல்இடியும் ரெகுலேட்டரும் சேர்ந்து 5 மில்லிஆம்பியர் தின்றால், 220 மில்லிஆம்பியர்-மணி பட்டன் செல் 44 மணி நேரத்தில் காலி. அந்த நிலையில் சென்சாரில் மிச்சம் பிடித்து ஒரு பயனும் இல்லை. எல்இடியை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரைத் தூங்க வைத்து, அசைவு வந்தால் சென்சாரின் இன்டரப்ட் கால் (சிக்னல் கொடுக்கும் பின்) அதை எழுப்பும்படி செய்யுங்கள். சைரனுக்குத் தனி பேட்டரி வையுங்கள்.

மாறாத அளவை நீக்கி அசைவை மட்டும் விடும் ஹை-பாஸ் ஃபில்டரையும் இன்டரப்ட்டுக்குப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் புவியீர்ப்பின் 1 ஜி எப்போதும் வரம்பைத் தாண்டியே நிற்கும். சைரனைக் கிளப்பும் வரம்பை முதலில் 4 படி வைத்தேன்; ஆடிக் காற்றில் தகரம் படபடத்து ராத்திரி முழுக்க சைரன். 12 படியாக ஏற்றி, அசைவு 0.2 நொடியாவது நீடிக்க வேண்டும் என்று வைத்த பிறகு காற்றுக்கு அடங்கியது, கதவை உலுக்கினால் கத்துகிறது. உங்கள் கதவை நீங்களே உலுக்கிப் பார்த்து எண்ணை முடிவு செய்யுங்கள்.

மோட்டார் கதை வேறு. அங்கே 'எவ்வளவு' என்று தெரிய வேண்டும். 16 மில்லி ஜி படியில் சின்ன அதிர்வு கண்ணுக்கே படாது, அதனால் ஹை ரெசல்யூஷன். நான் சறுக்கியது இங்கேதான். 2 போல் (இரண்டு காந்த முனை) மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்று, அதாவது 48 ஹெர்ட்ஸ். நொடிக்கு 400 தடவை எடுத்தால் தாராளம் என்று நினைத்தேன். ரீடிங் குறைவாக வந்தது, பேரிங் நன்றாக இருக்கிறது என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். கையை வைத்தால் அதிர்வு தெரிகிறது, திரையில் இல்லை. தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது: சென்சார் ஒழுங்காகக் காட்டும் அதிர்வின் உச்சம் (பேண்ட்விட்த்) லோ பவரிலும் நார்மலிலும் ரீடிங் எடுக்கும் வேகத்தில் பாதி, ஹை ரெசல்யூஷனில் ஒன்பதில் ஒரு பங்குதான். 400-ஐ 9-ஆல் வகுத்தால் 44. மோட்டாரின் 48-ஐயே அது அமுக்கிவிடுகிறது, அதன் இரட்டிப்பான 96 கிட்டத்தட்ட காணாமலே போய்விடும்.

ஆகவே 1,344 ஹெர்ட்ஸுக்குப் போங்கள்: ரிஜிஸ்டர் 1-ல் 10010111, ரிஜிஸ்டர் 4-ல் 00001000. பேண்ட்விட்த் 149 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். 185 மைக்ரோஆம்பியர் ஆகும்தான், ஆனால் மோட்டார் ஓடும்போது பக்கத்திலேயே கரண்ட் இருக்கிறதே. 4 மில்லி ஜி படி போதும் என்பவர்கள் நார்மலில் 400 ஹெர்ட்ஸே வைக்கலாம். 200 வரை தெரியும், 73 மைக்ரோஆம்பியர்தான்.

லோ பவர் பிட்டையும் ஹை ரெசல்யூஷன் பிட்டையும் சேர்த்து ஏற்றாதீர்கள், அதற்கு அனுமதி இல்லை. 8 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு மாறியதும் முதல் 7 ரீடிங்கைத் தள்ளிவிட்டு எட்டாவதிலிருந்து கணக்கில் எடுங்கள்.