மலிவு பேஸுக்குப் புதுக் குரல்

என் முதல் பேஸ் கிட்டார் மலிவானதுதான். கழுத்து நேராக இருந்தது, ஆனால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. சரி, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன். உங்கள் பேஸின் கழுத்து முறுக்கியிருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

வாங்குமுன் பழைய பிக்கப்பை அளந்துவிடுங்கள். இரண்டு பிக்கப் கொண்ட ஜாஸ் பேஸ் வகையில், பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் உலோகத் துண்டு) பக்கத்துப் பிக்கப் மற்றதைவிட இரண்டொரு மில்லிமீட்டர் நீளம். மலிவு பேஸ்களில் இரண்டுமே ஒரே நீளமாக இருப்பதுண்டு. இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, மரக்குழியை அரத்தால் ராவிக்கொண்டு உட்கார்ந்தவன் நான்.

கழற்றுமுன் ஒயர்களைப் போட்டோ எடுங்கள். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒல்லியாக ஒரு கிரவுண்டு ஒயர் வரும். அது அறுந்தால் தந்தியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காது.

சால்டரிங்கில், அதாவது ஈயப் பற்றவைப்பில், சிரமமான இடம் வால்யூம் கண்ட்ரோலின் முதுகு. அந்தத் தகடு சூட்டை உறிஞ்சிவிடும். உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, முதலில் ஈயத்தை உருக்கிப் படியவிட்டு, அப்புறம் ஒயரை வையுங்கள். ஈயம் பளபளவென்று பரவ வேண்டும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை.

பிக்கப் சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) வகை என்றால் 250 கிலோ ஓம் கண்ட்ரோல், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும்.

இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் முழுக்கத் திறந்ததும் அடிச்சத்தம் காணாமல்போய் மெலிந்து ஒலித்தால் பயப்படாதீர்கள். ஒன்றின் இரு ஒயர்களையும் இடம்மாற்றிப் பற்றவையுங்கள். கடைசியாக உயரம்: கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியை அழுத்தியபடி, தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டரில் தொடங்கி, வாசித்துக் கேட்டுக் கேட்டுத் திருகுங்கள்.