போர் தண்ணி டெஸ்ட்டுல நம்மாளுங்க பண்ற தப்பு

போர் போட்டவுடனே ஆன்லைன்ல வாங்குன டிடிஎஸ் மீட்டர டம்ளர்ல முக்கிப் பாத்துட்டு "600 தான் காட்டுது, சூப்பர் தண்ணி"ன்னு மல்லாட்ட (நிலக்கடலை) வெதச்சிடுறாங்க. அந்த மீட்டர் உப்பு எவ்ளோன்னு தோராயமா சொல்லும், அவ்ளோதான், என்ன உப்புன்னு அதுக்குத் தெரியாது. சோடியமும் பைகார்பனேட்டும் ஜாஸ்தியா இருக்குற தண்ணி அதுல நல்ல புள்ளையாட்டம் தெரியும், ஆனா தொடர்ந்து பாய்ச்சப் பாய்ச்ச மண்ணு இறுகிப்போயி தண்ணி உள்ள எறங்காம மேலயே நிக்கும், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும், காய் புடிக்க மண்ணுக்குள்ள போவ வேண்டிய மல்லாட்ட விழுது எங்க எறங்கும் சொல்லுங்க?

அதனால ரிப்போர்ட் வந்தா பிஎச்ச மட்டும் பாத்து மடிச்சி வெச்சிடாதீங்க. ஆர்எஸ்சின்னு ஒண்ணு இருக்கும், கால்சியம், மெக்னீசியத்துக்கு மிஞ்சி கார்பனேட்டும் பைகார்பனேட்டும் எவ்ளோ இருக்குன்னு சொல்றது, அது 1.25க்குள்ள இருந்தா பயமில்ல, 2.5 தாண்டுனா அப்படியே பாய்ச்சக் கூடாது. எஸ்ஏஆர், அதாவது கால்சியம், மெக்னீசியத்தோட ஒப்பிட்டா சோடியம் எவ்ளோங்கற கணக்கு, 10க்குள்ள இருந்தா நல்லது. ஈசி, அதாவது தண்ணில மொத்த உப்பு எவ்ளோன்னு காட்டுற மின்கடத்துத்திறன், 2.25 தாண்டுனா பீன்ஸ் மாதிரி பயிரெல்லாம் தாங்காது, தென்னை, பருத்தி ஓரளவு தாங்கும். சில லேப்ல 2.25ங்கறத 2250ன்னு போடுவாங்க, யூனிட் வேற, மதிப்பு ஒண்ணுதான், அதப் பாத்து அலறாதீங்க. இன்னொண்ணு, உப்புத் தண்ணின்னாலே ஜிப்சம் கொட்டுறது. ஜிப்சம் சோடியம் பிரச்சனைக்குத்தான், குளோரைடு உப்புக்கு அது ஒண்ணும் பண்ணாது, காசுதான் வேஸ்ட்.

சாம்பிள் எடுக்குறதுலயே பாதி கெட்டுப்போவுது. தொட்டியில தேங்கி நிக்கிற தண்ணிய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல முக்காவாசி புடிச்சி நாலு நாள் பைக் பெட்டில வெச்சி சுத்துனா பைகார்பனேட் அளவே மாறிடும். மோட்டார 20 நிமிஷம் ஓடவுட்டு, அதே தண்ணியில பாட்டில மூணு தடவ அலசி, காத்து இல்லாம முழுசா ரொப்பி மூடி, அன்னைக்கே குடுத்துடுங்க. வேலூர் பக்கம் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டா வழி சொல்லுவாங்க. பக்கத்து கொல்லைக்காரர் ரிப்போர்ட்ட வெச்சி முடிவெடுக்காதீங்க, நம்மூரு பூரா பாறை, அவருக்குத் தண்ணி வர்ற பாறை வெடிப்பு வேற உங்களுக்கு வர்ற வெடிப்பு வேற. மழ முடிஞ்சி ஜனவரில ஒரு தடவ, மே மாசம் ஒரு தடவ பாத்தாத்தான் நெலவரம் புரியும்.

பாலாத்து ஓரம், வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் இருக்குறவங்களுக்கு இது பத்தாது. தோல் ஷாப்பு (தோல் பதனிடுற ஆலை) கழிவு விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1996லயே தீர்ப்பு வந்துச்சி, ஆனா மண்ணுக்குள்ள போனது லேசுல போவாது. சாதா பாசனத் தண்ணி டெஸ்ட்டுல, தோல் பதனிடுறதுக்குப் போடுற குரோமியம் வராது, தனியா கேட்டு எழுதிக் குடுக்கணும், அதுக்கு சாம்பிள் புடிக்கிற முறையும் வேற, பாட்டில லேப்லயே கேட்டு வாங்கிக்குங்க.