1963–65 ப்யூக் ரிவியேராவில் எல்எஸ்3 எஞ்சின் ஏற்றுவது

ரிவியேராவில் ஏற்கெனவே இருக்கும் நெயில்ஹெட் எஞ்சின் (ப்யூக்கின் பழைய வி8) சோப்ளாங்கி அல்ல. ஏர் க்ளீனர் மேல் 'வைல்ட்கேட் 445' என்று இருக்கும் எண்ணைப் பலர் கன அளவு என்று நினைக்கிறார்கள். அது டார்க் (முறுக்குவிசை), 445 பவுண்டு-அடி. அந்த எழுத்துள்ள எஞ்சினின் அளவு 401 கன அங்குலம், 325 குதிரைத்திறன். அதற்குப் பதிலாக ஏற்றும் எல்எஸ்3 (ஜிஎம்மின் நவீன வி8) தருவது 430 குதிரைத்திறன், 424 பவுண்டு-அடி. பழைய கணக்கு ஃபேன், சைலன்ஸர் எல்லாம் கழற்றி அளந்தது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. என்றாலும், வேகத்துக்காக மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஃப்யூவல் இன்ஜெக்ஷன், ஓவர்டிரைவ், வெயிலில் கொதிக்காத எஞ்சின் ஆகியவைதான் உண்மையான லாபம்.

எஞ்சின் அறையில் இடம் தாராளம். சிக்கல் அதற்குப் பின்னால். இந்தக் காரின் சேஸிஸ் எக்ஸ் வடிவம். பக்கவாட்டுச் சட்டங்கள் கிடையாது. இரண்டு துண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அந்த எக்ஸின் நடுக் குழாய் வழியாகப் போகிறது. கியர்பாக்ஸின் வால் எங்கே முடிகிறது என்பதை அந்தக் குழாய்தான் முடிவு செய்யும். ஆகவே பின்னாலிருந்து முன்னால் அளந்து வாருங்கள். பழைய எஞ்சினை இறக்கும் முன்பே கியர்பாக்ஸ் வாலிலிருந்து நடு பேரிங் வரை உள்ள தூரம், எஞ்சினின் சாய்வுக் கோணம், பின் ஆக்ஸில் பினியனின் கோணம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு அளக்க எதுவும் மிஞ்சாது.

பழைய கியர்பாக்ஸை எல்எஸ்ஸோடு சேர்க்க நினைக்காதீர்கள். நெயில்ஹெட்டின் பெல்ஹவுஸிங் துளைகள் அதற்கே உரியவை. இந்த எடைக்கு ஜிஎம்மின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கான 4எல்80ஈ சரியான தேர்வு. முதல் கியர் 2.48, ஓவர்டிரைவ் 0.75. இது பழையதைவிட நீளம் என்பதால் கிராஸ் மெம்பரைப் பின்னால் தள்ளி, முன் ஷாஃப்ட்டைச் சுருக்கி, பாலன்ஸ் செய்ய வேண்டியிருக்கும். முன் யோக் 32 ஸ்ப்ளைன்.

28 அங்குல டயர், 3.07 ஆக்ஸில் விகிதம் இருந்தால் மணிக்கு 70 மைலில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,930 சுற்றில் ஓடும். 3.42 என்றால் 2,150. இந்த எஞ்சினுக்கு 3.42 பொருந்தும். 3.07-ல் ஓவர்டிரைவ் சற்றே சோம்பலாக இருக்கும்.

அதிகம் பேர் தவறுவது டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி). எல்எஸ்3-இன் கிராங்க் ஃப்ளான்ஜ் பழைய ஜிஎம் எஞ்சின்களைவிட 0.4 அங்குலம் உள்ளே தள்ளி இருக்கிறது. 4எல்80ஈ-க்கு 12563532 என்ற ஜிஎம் பாக எண்ணுள்ள ஸ்பேசரும், தட்டையான ஃப்ளெக்ஸ்பிளேட்டும் (கிராங்க்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடு), நீளமான போல்ட்டுகளும் வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் மாட்டினால் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்க்கில் உட்காராது. நடுவம் விலகி, சில மாதங்களில் கியர்பாக்ஸ் பம்ப்பின் புஷ்ஷும் ஆயில் சீலும் போய்விடும். ஃப்ளெக்ஸ்பிளேட் போல்ட்டுகளை மூன்று சுற்றாக இறுக்குங்கள்: 20, 50, 100 நியூட்டன் மீட்டர். பெல்ஹவுஸிங் போல்ட்டுக்கு 50 போதும். கேஸ் எஞ்சினோடு ஒட்டிய பின், கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். அதை முன்னால் இழுக்க 1.5 முதல் 4.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டால் இழுத்து ஒட்ட வைத்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும்.

ஜிஎம் லாரிகளின் எல்எஸ் எஞ்சினில் வரும் ஆயில் சம்ப் கிராஸ் மெம்பருக்குக் கீழே தொங்கும். எஞ்சின் மாற்றத்துக்கென்றே வரும் ஆழம் குறைந்த ஸ்வாப் சம்ப்பையே வாங்குங்கள். லாரி ஏசி கம்ப்ரஸர் கீழே சட்டத்தில் இடிக்கும். மேலே தூக்கும் பிராக்கெட் போடுங்கள். முன் ஸ்பிரிங்கை இப்போதே வெட்டாதீர்கள். தண்ணீர், ஆயில், பேட்டரி எல்லாம் ஏற்றி, சில நாள் ஓட்டிய பிறகு உயரத்தைப் பாருங்கள்.

பெட்ரோல் அழுத்தம் 58 பிஎஸ்ஐ. பழைய டேங்க்குக்குள் தடுப்பு கிடையாது. வெளிப் பம்ப் வைத்தால் கால் டேங்க்கில் வளைவு திரும்பும்போது காற்றை இழுத்து எஞ்சின் திணறும். தடுப்புப் பெட்டியோடு டேங்க்குக்குள் பம்ப் வைப்பதே நிம்மதி. இரும்பு லைனின் ரப்பர் இணைப்புகள் எல்லாவற்றையும் மாற்றி, இன்ஜெக்ஷன் ஹோஸ் போடுங்கள். கார்புரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தம் தாங்காது.

சிலிண்டர் ஹெட்டின் ஆவிக் குழாயை அடைக்கக் கூடாது. அதை ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ எக்ஸ்பான்ஷன் டேங்க்குக்கோ கொண்டுபோக வேண்டும். அடைத்தால் காற்று ஹெட்டில் தங்கும். மீட்டர் நல்லபடியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் 86 டிகிரி செல்சியஸில் திறப்பதால் ஃபேன் 95-ஐ ஒட்டி ஓடத் தொடங்கினால் போதும்.

பிரேக்கைத் தொடாமல் விடுவது தவறு. துடுப்பு வைத்த அலுமினிய முன் டிரம்கள் அந்தக் காலத்தில் நல்ல பெயர் எடுத்தவைதான். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் கட்டாயம். முன்னால் டிஸ்க் போட்டால் பிரேக் பங்கீட்டு வால்வையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒயரிங்கில் பாதித் தொல்லைக்குக் காரணம் எர்த். பாடி ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று எனத் தடித்த வயர்கள் போடுங்கள். பெயிண்ட்டைச் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். 4எல்80ஈ-க்குத் தனி கண்ட்ரோலர் வேண்டும். அதில் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்ட இடம் இல்லை. சிக்னலைக் கேபிள் சுழற்சியாக்கும் சிறு மோட்டார் பெட்டி வாங்க வேண்டும். 1963 வண்டியில் லீவர் வரிசை பழைய டைனாஃப்ளோ கியர்பாக்ஸின் பி-என்-டி-எல்-ஆர் (பார்க், நியூட்ரல், டிரைவ், லோ, ரிவர்ஸ்). புதுக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் இடம் மாறும். காட்டியையும் நியூட்ரல் சுவிட்சையும் திருத்தாமல் யாருக்கும் சாவி கொடுக்காதீர்கள்.

முதல் தடவை பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, ஆயில் அழுத்தம் ஏறும் வரை செல்ஃப் மட்டும் போடுங்கள், பத்துப் பத்து விநாடியாக. பிறகு ஃப்யூஸை மாட்டிப் பெட்ரோல் லைனில் கசிவு பாருங்கள். ஓடி, சூடான பின் ஸ்கேனரால் கிராங்க் சென்ஸார் ரீலேர்ன் (எஞ்சின் கணினி அந்த சென்ஸாரைப் புதிதாகக் கற்பது) செய்யுங்கள். அதை விட்டுவிட்டால் பி0315 கோடு வரும்; மிஸ்ஃபயர் கண்டறிவதும் வேலை செய்யாது.