மாமல்லபுரம் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு வாங்கும் டிக்கெட்டை வெளியே வந்ததும் கசக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள். அதே நாளில் ஐந்து ரதங்களுக்கும் அதுவே செல்லும். இரண்டு இடத்தையும் தொல்லியல் துறையே பராமரிப்பதால் ஒரே கட்டணம்தான். 15 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். கொஞ்சம் உயரமான பிள்ளை என்றால் மட்டும் வயதைக் காட்ட ஆதார் நகல் கையில் இருக்கட்டும். கவுன்ட்டரில் நிற்காமல் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து போனிலேயே டிக்கெட் எடுத்தால், வெயிலில் வரிசையும் மிச்சம்.

மறுநாள் இந்த டிக்கெட் செல்லாது. கலங்கரை விளக்கம் வேறு துறையுடையது, அதற்குத் தனிக் கட்டணம்.

அப்புறம், திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லைத் தலசயனப் பெருமாள் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுதான். பலர் பார்க்காமலே திரும்பிவிடுவது எனக்கு வருத்தம். வழிபாட்டில் உள்ள கோயில் என்பதால் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையில் முதலில் அங்கே போய்விடுங்கள்.