புயலுக்கு முன் தென்னையின் பாரத்தைக் குறையுங்கள்

புயல் எச்சரிக்கை வந்ததுமே தென்னையில் முற்றிய காய், இளநீர்க் குலை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். அடியில் தொங்கும் கனத்த மட்டைகளையும் கழித்துவிட்டு, தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். கொண்டையில் பாரமும் காற்றைப் பிடிக்கும் ஓலையும் குறைந்தால் மரம் அவ்வளவாக ஆடாது. மண் இறுகியிருந்தால் வேரும் சட்டென்று பிடி விடாது. 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. புதுக்கன்று வைத்தால் காய்க்க வருடக்கணக்கில் ஆகும், அதனால் இறக்குகூலியைப் பார்க்காதீர்கள்.

குருத்தையும் இளமட்டைகளையும் மட்டும் தொடவே கூடாது. மழையில் ஏற்கெனவே ஊறிய தோப்பில் தண்ணீரை நிறுத்திப் பயனில்லை. காற்று ஏறிவிட்டதா, காய் போனால் போகட்டும், யாரையும் மரத்தில் ஏற்றாதீர்கள்.